தறிக்காரத் தெரு பதினேழாம் எண்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா நடராசன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியதை அப்படியே சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

1944, சித்திரை மாதம். அரியலூர் கடைவீதிக்குப் பின்னால் தறிக்காரத் தெரு. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். காலரா வந்தது, தெருவே காலி. பிறகு கடலை வியாபாரிகள் வந்து வீடுகளை மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஆக்கினார்கள். இப்போது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் சிலர் அங்கே குடியேறியிருப்பதாகப் பேச்சு. அவர்களுக்கும் ரேஷன் கார்டு வேண்டுமே! நிலையில் தாரால் எண் போட்டு, ஆட்களைக் கணக்கெடுத்து வர நடராசனை அனுப்பினார் தலைமை குமாஸ்தா சிங்காரவேலு.

நடராசனுக்கு உயிரெல்லாம் விக்கிரமங்கலத்தில். மனைவி பஞ்சவர்ணத்துக்கு வலி எடுத்துவிட்டதாக விடியலில் ஆள் வந்து சொல்லியிருந்தான். தலைப்பிரசவம். ஒரு மணிக்கு, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் பஸ். அதை விட்டால் மறுநாள்தான். தெருவை முடித்தால்தான் லீவு என்று சொல்லிவிட்டார் அந்தப் புண்ணியவான்.

மணி 11.50. பதினாறு கதவும் பூட்டிய கிட்டங்கி. பதினேழாவது திறந்திருந்தது. வாசல் முழுக்கக் கழுவிவிட்ட ஈரம். உள்ளே பட்டப்பகலில் ஒரு விளக்கு. அடுப்பு எரியவில்லை. எல்லாம் கண்ணில் பட்டது, அவசரத்தில் புத்தியில் ஏறவில்லை.

ஈரத் தலையோடு ஒரு பெண் வந்தாள்.

"எத்தனை பேருங்க?"

"வூட்ல அஞ்சு பேருங்க."

எழுதினான். நிலையில் 17 போட்டான்.

"போயிட்டு வரேங்க."

அவள் முகம் மலர்ந்தது. "வாங்க."

தெருமுனை திரும்பினான். கடைவீதி வர வேண்டும். வரவில்லை... எதிரே ஈரத் தாரில் 17. கடிகாரத்தில் மணி 12.05.

"வந்துட்டீங்களா?" என்றாள் அவள்.

எதிர்ப்பக்கம் ஓடினான். மறுபடியும் 17. மணி 12.05. கடிகாரம் நிற்கவில்லை. டிக்... டிக்... ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் முறை அவள் பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

எங்கோ பக்கத்தில் ஒரு மணி பஸ்ஸின் ஹாரன். பாம்... பாம்...

நடராசன் அழுதேவிட்டான். "பொண்டாட்டிக்கு வலிங்க... விட்டுடுங்க!"

"நீங்கதானே வரேன்னீங்க?"

அப்போதுதான் உறைத்தது. கழுவிய வாசல். விளக்கு. ஈரத் தலை. அட கடவுளே, எழவு வீடு! எழவு வீட்டில் போயிட்டு வரேன் என்று எவனாவது சொல்வானா? சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதல்லவா வழக்கம்!

நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினான்.

"சொல்லிட்டுப் போங்க..."

நடந்தான்.

"சொல்லுங்க..." காதோரம். குளிர்ச்சி.

வாய் திறக்கவில்லை.

நடந்தான்...

கடைவீதி!

ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறினான். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

நாலாம் நாள் ஆபீசில் நடந்ததைச் சொன்னான். சிங்காரவேலுவுக்கு முகம் வெளுத்தது.

"அந்த வூட்ல காலராவுல எல்லாரும் ஒரே நாள்ல போயிட்டாங்கப்பா. எடுத்துப் போடக்கூட நாதியில்ல."

"தெரிஞ்சேவா என்னை அனுப்பினீங்க?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி, சென்சஸ் அப்போ, அமிர்தலிங்கம்னு ஒரு குமாஸ்தாவை அங்க ஆள் எண்ண அனுப்பினேன். ரொம்ப மரியாதைக்காரன், சொல்லிக்காம எந்த வூட்டைவிட்டும் கெளம்ப மாட்டான். திரும்பல. ஊரைவிட்டு ஓடிட்டான்னு நெனச்சேன். அவன் சம்சாரம் மட்டும் தினமும் தெருமுனையில வந்து நிக்குது. உள்ளேருந்து அவன் குரல் கேக்குதாம்... 'இதோ வந்துட்டேன், வந்துட்டேன்'னு."