கிளச்சுக்கு மட்டும் திறக்கும் கதவு

கணவர் திருப்பதியின் காலில் இருந்த கீறலை சூர்யகலா உடனே கவனிக்கவில்லை. ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிவிட்டு வந்தவள் கண்ணில் முதலில் பட்டது போர்வையில் காய்ந்திருந்த ரத்தம்தான். விலக்கிப் பார்த்தால், வலது கணுக்காலிலிருந்து விரல் வரைக்கும் நகம் கிழித்த கோடுகள். அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. அறை முழுக்கக் கடுவன் பூனையின் மூத்திர வாடை. வீட்டுப் பூனை கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிப் பதுங்கியிருந்தது.

"யாருங்க வந்தது? அந்தச் செவலைக் கடுவனா?"

திருப்பதி இடது கையைத் தூக்கிப் பின்கதவைக் காட்டினார். வாயிலிருந்து காற்றும் சத்தமுமாக ஏதோ வந்தது. வார்த்தை வரவில்லை.

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி பூப்பாறை வரைக்கும் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களை ஜீப்பில் ஏற்றிப்போய், பொழுது சாய்கையில் கொண்டுவந்து இறக்கியவர் அவர். வளைவுக்கு வளைவு அவர் அடிக்கும் ஹாரனைவிட அவர் தொண்டை பெரிது என்று வண்டியில் வருகிற பெண்கள் சொல்வார்கள். வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். மகள் எந்தக் கல்லூரியில் படிப்பது, சுவருக்கு என்ன சுண்ணாம்பு அடிப்பது, எல்லாம் அவர்தான் முடிவு செய்வார். சூர்யகலா அதில் வருத்தப்பட்டதும் உண்டு, நிம்மதியாக இருந்ததும் உண்டு.

ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்து வண்டியைக் கழுவும்போது, கிளச்சுப் பெடலுக்குப் பின்னால் ஒரு பூனைக்குட்டி சுருண்டு கிடந்தது. எந்த எஸ்டேட்டில் ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை. வரி போட்ட சாம்பல் நிறக் குட்டி. "மிதிச்சிருந்தா செத்துருக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் ஏந்தி வந்தார். அன்றே அதற்கு கிளச்சு என்று பெயரும் வைத்துவிட்டார்.

அதற்கு நான்கைந்து வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. ஜீப்பை விற்றார்கள். அதுவரை வருடத்தில் சில மாதம் மட்டும் கடைக்குப் போய்வந்த சூர்யகலா தினமும் போகத் தொடங்கினாள். பகல் முழுக்க திருப்பதி தனியாகக் கிடந்தார். கிளச்சு அவருடைய இடது கைக்குள் வந்து படுத்துக்கொள்ளும். அந்தக் கை மட்டும்தான் அசையும். அது பூனையின் முதுகின் மேலேயே கிடக்கும்.

பூனை வெளியே போய்வர வேண்டும். வீட்டுக்குள் அசிங்கம் செய்யாது. கதவைச் சாத்திவிட்டுப் போனால் கதவைப் பிறாண்டிக் கத்தும். திறந்துவிட முடியாமல் திருப்பதியும் கத்துவார். அதனால் சூர்யகலா பின்கதவில் ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்து, கொஞ்சம் திறந்த மாதிரியே வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் மத்தியானம் அந்த வழியாக வந்து அவருக்கு தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த வழியாகவே ஒச்சம்மாளின் இரண்டு பூனைகளும் வந்தன. தெருவில் யாருக்கும் சொந்தமில்லாத அந்தச் செவலைக் கடுவனும் வந்தது. கிளச்சுக்கு வைத்த மீன் தலையைத் தின்றது, கட்டில் காலில் மூத்திரம் பீய்ச்சியது. அன்றைக்கு கட்டிலின் மேலேயே ஏறி கிளச்சோடு சண்டை போட்டிருக்கிறது. நடுவில் அசைய முடியாத ஒரு கால்.

திருப்பதிக்குச் சர்க்கரையும் உண்டு. புண் ஆறவில்லை. தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்து, கடைசியில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

கட்டுப் பிரிக்கப் போன அன்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பாதம் போயிரும்மா. வீட்டுக்குள்ள பூனையே வேணாம்."

சூர்யகலாவின் தம்பி லிங்கேஸ்வரன் மறுநாளே சாக்குப்பையோடு வந்தான். "குரங்கணிப் பக்கம் போற சோலி இருக்குக்கா. காப்பித் தோட்டத்துல விட்டுட்டு வந்துர்றேன். எலி கெடக்கு, பொழச்சுக்கும்."

அவள் சரி என்றுதான் நினைத்தாள். சரி என்று சொல்லியும்விட்டாள். லிங்கேஸ்வரன் கட்டிலுக்கு அருகே போய்ப் பூனையின் பிடரியைப் பிடித்தான். திருப்பதியின் இடது கை அதன் வயிற்றைச் சுற்றி இறுகியது. தம்பி மெல்ல இழுத்தான். அவர் விடவில்லை. பூனை வலியில் கத்தியது. அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, "ஏ... ஏ..." என்று ஒரே சத்தமாகக் கத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. விரல்களை எடுத்த அன்றுகூட அவர் அழவில்லை.

"விடுடா தம்பி" என்றாள். "கையை எடு. பூனை எங்கயும் போகல."

"டாக்டர் சொன்னாருல்லக்கா?"

"நான் பாத்துக்கிறேன். நீ வீட்டுக்குப் போ."

என்ன பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு வாரம் பூனையையும் அவரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தாள். பூனை சோறு தின்னாமல் கிடந்தது. கடைக்குப் போனாலும் அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் பானுப்பிரியாதான் போனில் சொன்னாள். கூட வேலை செய்கிற பெண்ணின் வீட்டில் பூனைக்கென்றே ஒரு சின்னக் கதவு இருக்கிறதாம். "மூணு விதம் இருக்கும்மா. வீடியோ அனுப்புறேன், பாரு."

மத்தியானச் சாப்பாட்டு வேளையில், காய் பொறுக்கும் சொளகை ஓரமாக வைத்துவிட்டு அவள் போனைப் பார்த்தாள். முதலாவது, தள்ளினால் திறந்துகொள்ளும் வெறும் தட்டி. இரண்டாவதற்கு, பூனையின் கழுத்துப் பட்டையில் காந்தம் கட்டவேண்டும். மூன்றாவது, பூனையின் தோலுக்கு அடியில் அரிசி மாதிரி ஒரு சிப்பை ஊசியால் வைத்துவிடுவது. அந்தப் பூனை தலையை நீட்டினால் மட்டும் கதவு அடையாளம் கண்டு திறக்கும். வேறு எந்தப் பூனை முட்டினாலும் திறக்காது.

கூட இருந்த பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "பூனைக்கு ஆதார் கார்டு மாதிரில்ல இருக்கு!" சூர்யகலாவும் சிரித்தாள். காந்தக் கதவே போதும் என்று தோன்றியது. ஊசி கீசி எதற்கு? மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"அந்த ரெண்டாவதையே வாங்கிரு பானு."

"அப்பாகிட்ட கேட்டியாம்மா?"

கேட்டிருக்கவில்லை. அவர் விழுந்ததிலிருந்து யாரும் அவரிடம் எதையுமே கேட்டதில்லை. ஜீப்பை விற்கும்போது வாசலில் நின்று பேசி முடித்தார்கள். அவர் உள்ளே அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்பார். தம்பி சாக்குப்பையோடு வந்தபோதும் அவரைத் தாண்டித்தான் பேசினார்கள். பேச்சு போனவருக்கு அபிப்பிராயமும் போய்விட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவளும்தான்.

சாயங்காலம் வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து அவர் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தாள். "பானு அனுப்பியிருக்கா. நீங்கதான் சொல்லணும். வேணும்னா ஒரு வெரலத் தூக்குங்க. வேணாம்னா கையை மடக்குங்க."

வெறும் தட்டியைப் பார்த்ததும் கையை மடக்கினார். அதைச் செவலைக் கடுவனும் தள்ளும், அவளுக்கே புரிந்தது. காந்தக் கதவுக்கும் மடக்கினார்.

"ஏங்க? இது நல்லாத்தான இருக்கு?"

அவர் கையைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனார். பிடித்து மேலே இழுப்பது போலக் காட்டினார். அவளுக்கு விளங்கவில்லை. மறுபடியும் செய்தார். மூன்றாம் முறைதான் அவளுக்கு நினைவு வந்தது. குட்டியாக இருந்தபோது பானு அதற்கு ஒரு ரிப்பன் கட்டியிருந்தாள். அது பின்பக்க முள்கம்பியில் மாட்டி, பூனை தொங்கிக்கொண்டிருந்தது. அவர்தான் ஓடிப்போய் அறுத்துவிட்டார். அதன்பின் அதன் கழுத்தில் யாரையும் எதையும் கட்ட விட்டதில்லை.

"ஆமாங்க. நான் மறந்தே போனேன்."

மூன்றாவதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். விரலைத் தூக்கினார்.

"ஊசி போட்டா அதுக்கு வலிக்காதா?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு, தினமும் அவள் சர்க்கரை ஊசி போடும் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, வாயின் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துச் சிரித்தார்.

போடியில் அந்தச் சிப் கிடைக்கவில்லை. பூனையைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுத் துணியால் மூடிக் கட்டி, பஸ்சில் தேனிக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம் அது கத்தியது. கால்நடை டாக்டர் ஒரு சின்னப் பெண். தோள்களுக்கு நடுவில் தோலைத் தூக்கி ஊசியை ஏற்றினாள். கிளச்சு ஒரு தடவை உதறியது, அவ்வளவுதான். கையில் வைத்திருந்த கருவியை முதுகின் மேல் ஓட்டியதும் 'பீப்' என்று சத்தம் வந்து எண்கள் தெரிந்தன.

"இந்த நம்பர் உலகத்துல வேற எந்தப் பூனைக்கும் இருக்காதும்மா" என்றாள் டாக்டர்.

கதவு பார்சலில் வந்தபோது இன்னொரு சிக்கல். வீட்டுப் பின்கதவு தகரம். இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் சிப்பை அது சரியாகப் படிக்காது என்று போட்டிருந்ததாம், பானு படித்துச் சொன்னாள். தச்சர் பால்சாமியைக் கூப்பிட்டுப் பலா மரத்தில் புதுக்கதவே செய்யவேண்டியதாயிற்று. எந்த உயரத்தில் ஓட்டை போடுவது என்று அவர் சூர்யகலாவிடம் கேட்டார்.

"அவர்கிட்ட கேளுங்கண்ணே. அவருதான் சொல்லுவாரு."

பால்சாமி பென்சிலை வைத்துக் கதவின் மேல் மெல்ல இறக்கினார். பூனையின் வயிறு வரும் இடத்தில் திருப்பதி விரலைத் தூக்கினார். வேலை முடிந்ததும், கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிக் கையால் காட்டினார். கதவு நேராகத் தெரிய வேண்டுமாம்.

ஒச்சம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. வாசலில் நின்று கேட்டுவிட்டாள். "எங்க வீட்டுப் பூனைக வரக்கூடாதுன்னுதான கதவு போட்ருக்க? அப்ப நானும் வரக்கூடாதுல்ல?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீக? நீங்க வந்து தண்ணி குடுக்குற தைரியத்துலதான நான் கடைக்குப் போறேன்." இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள். "இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். பூனைகள மட்டும் கூட்டிட்டு வராதீக."

ஒச்சம்மாள் சாவியைக் கையில் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டாள். மத்தியான நடை நிற்கவில்லை.

கிளச்சு முதலில் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை. தட்டியைத் தூக்கி ஒட்டிவைத்து, இரண்டு பக்கமும் கருவாடு வைத்துப் பழக்கினார்கள். பிறகு ஒருநாள் தானாகவே தலையை நீட்டியது. 'டக்' என்று தாழ் விலக, உள்ளே வந்து, எப்போதும்போல அவர் கைக்குள் போய்ப் படுத்தது. அன்று சாயங்காலம் செவலைக் கடுவன் வந்தது. முட்டியது. காலால் பிறாண்டியது. கண்ணாடி மாதிரித் தெரியும் தட்டி வழியாக உள்ளே பார்த்து உறுமியது. கதவு அசையவில்லை. அடுப்படியில் இருந்த சூர்யகலாவுக்கு ஒரு விநோதமான சத்தம் கேட்டது. பதறி ஓடிவந்தாள். திருப்பதி சிரித்துக்கொண்டிருந்தார். பழைய தொண்டையில் மிச்சமிருந்த கொஞ்சத்தை வைத்து, வாய்விட்டு.

அதன்பின் அவள் எல்லாவற்றையும் அவரிடம் கேட்டாள். என்ன குழம்பு வைப்பது, பானுவுக்கு வந்த வரனைப் போய்ப் பார்ப்பதா வேண்டாமா, கூரை ஓடுகளை இந்த வருடம் மாற்றலாமா. ஒரு விரல் என்றால் சரி, மடக்கினால் இல்லை. சில நாள் அவர் சொன்னதுக்கு எதிராகச் சண்டையும் போட்டாள். பேசாத மனிதரோடு அப்படிச் சண்டை போட முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதும் இல்லை.

அதற்கு அடுத்த வருடம் ஐப்பசியில், மலையெல்லாம் மழை மூடிக் கிடந்த ஒரு மத்தியானம் திருப்பதி இறந்துபோனார். தண்ணீர் கொடுக்க வந்த ஒச்சம்மாள்தான் பார்த்தாள். தூங்குவது போலத்தான் கிடந்தாராம். கடைக்கு ஆள் அனுப்பினார்கள். சூர்யகலா வந்தபோது அவருடைய இடது கை விரிந்து கிடந்தது, சூடு இன்னும் முழுதாகப் போகவில்லை. பூனையைக் காணோம். கூட்டம் சேர்ந்ததும் எங்கோ போய்விட்டிருந்தது. எடுத்து முடித்து, எல்லோரும் குளித்து, வீடு அடங்கிய பிறகுதான் வந்தது. கட்டில் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

காரியம் முடிந்து சொந்தமெல்லாம் போனபின் அவள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால், கிளச்சு பின்கதவுக்கு வெளியே தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தது. தலையைக் கொடுத்துக் கொடுத்துப் பார்க்கிறது, கதவு திறக்கவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. தீரப்போகிறது என்றால் பல நாளுக்கு முன்னாலேயே அதில் சிவப்பு விளக்கு மின்னும். அதை அவள் கவனித்ததே இல்லை. இதுவரை அவர்தான் பார்த்துக் கையைக் காட்டுவார், அவள் கடையில் வாங்கி வந்து போடுவாள்.

பூனையைத் தூக்கி முந்தானையால் துடைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அடக்கத்தின்போது வராத அழுகை அப்போது வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள். ஒச்சம்மாள் சாவியால் திறந்துகொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பானுப்பிரியா தன்னோடு வந்து இருக்கும்படி ஒவ்வொரு போனிலும் சொல்கிறாள். சென்ற வாரமும், சூர்யகலா கடையில் இருந்தபோது, சொன்னாள்.

"தையில வர்றேன். பத்து நாள் இருந்துட்டு வந்துர்றேன்."

"பத்து நாள்தானா? அங்க தனியா இருந்து என்னம்மா செய்யப்போற?"

"மலையில இருந்து லோடு வந்து எறங்கியிருக்கு பானு. கடையில ஆளு பத்தல. நானும் போயிட்டா யாரு பொறுக்குறது?"

மகள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. "நீ வர்றப்ப எந்தப் பஸ்சுன்னு சொல்லு, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றாள்.

சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, சூர்யகலா பச்சைக் காய்க் குவியலிலிருந்து ஒரு கை அள்ளிச் சொளகில் போட்டாள்.