எந்த ஊர் கார்டு?

பெங்களூரில் ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுவது என் வேலை. அன்று சரியான கூட்டம். சுகர் மாத்திரைக்கு வந்த ஒரு அம்மாவின் ஆதாரில் திருவண்ணாமலை முகவரி இருந்தது.

"வெளியூர் கார்டுக்கு இங்க மாத்திரை இல்லம்மா, ஊர்ல போய் வாங்கிக்கோங்க" என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. வரிசை குறையட்டும் என்று நானாகச் சொன்னது.

அவர் கோபப்படவில்லை. "அல்சூர்ல உங்க தெருவைத்தான் பெருக்கிட்டு வரேன் மேடம். அங்க யாரும் எந்த ஊர் கார்டுன்னு கேக்கலையே?"

தினமும் என் வாசலில் குனிந்து நிற்பவர். எனக்குத்தான் முகம் தெரியவில்லை. மாத்திரைக்குச் சீட்டை எழுதிக் கொடுத்தேன்.

என் ஆதாரிலும் இன்னும் ஆம்பூர் முகவரிதான். பெங்களூர் வந்த இந்தப் பத்து வருடத்தில் என்னை யாரும் ஊருக்குப் போகச் சொன்னதில்லை.