இடப்பக்கத்திலிருந்து வந்த பதில்

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். அந்த முகட்டில் நின்றவள் நான்.

2013 ஏப்ரல். சுவிஸில் கிளாரஸ் மலைப்பக்கம். அண்ணா கிஷோபனும் நானும் பனிச்சப்பாத்துப் போட்டு ஏறினோம். காலையில் இறுகிக் கிடந்த பனி, மதியத்தில் கூழாகிவிட்டது. முகட்டின் இடப்பக்கம் காற்று பனியை வெளியே நீட்டி வைத்திருந்தது. பார்த்தால் தரை போலத் தெரியும். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

1.40க்கு முகில் இறங்கியது. மேலும் கீழும் ஒரே வெள்ளை.

"அசையாதை ஹரிஷா. வந்த காலடியைப் பாத்திட்டு வாறன். நீ விழுந்தால் அம்மாவுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

நாலு எட்டு வைத்தார். மறைந்துபோனார்.

நின்றேன். திரும்பினால் திசை போய்விடும். உட்காரவும் பயம். எனக்கு எப்போதும் மௌனம் பிடிக்கும். அந்த மௌனம் பிடிக்கவில்லை. அது என்னைச் சுற்றி நெருங்கிக்கொண்டே வந்தது.

"அண்ணா!"

இன்னும் உரக்கக் கத்தினேன்.

"அண்ணா!"

"ஓம்... எங்கை நிக்கிறீங்கள்?"

இடப்பக்கம். அப்பாடா என்று இரண்டு எட்டு வைத்தேன்.

நின்றேன்.

நிக்கிறீங்கள்?

அண்ணா எனக்கு ஒருநாளும் 'நீங்கள்' போட்டதில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைப் பெயர் சொல்லிக் கத்தினேன்.

"கிஷோபன்!"

"என்னடி, பேரே சொல்லுறாய்?"

வலப்பக்கம். தூரத்தில்.

இடப்பக்கம்... சறக்... சறக்... யாரோ பனியில் நடந்து வந்தார்கள்.

"பயப்பிடாதேங்கோ. வாறன்."

மிகக் கிட்ட.

சறக்...

பனிக்கடியில் 'ஹும்ம்' என்று ஒரு சத்தம்.

என் காலுக்கு முன்னால் பனி உடைந்து போனது.

கத்தல் இல்லை.

முகில் விலகியபோது உடைந்த விளிம்பு வரை என் தடம் மட்டும் இருந்தது. நாங்கள் அழைத்த மீட்புக்குழு கீழே தேடியது. எவரும் இல்லை. அவர்களில் ஒருவர் சொன்னார், 2009 ஏப்ரலில் இதே இடத்தில் ஷாஃப்ஹவுசன் நகரத் தமிழர் ஒருவர் விழுந்து இறந்தார் என்று. பெயர் இராஜேந்திரன்.

அவருடைய மனைவி சிவகலாவை அடுத்த வருடம் வின்டர்தூரில் ஒரு சாமத்தியவீட்டில், பூப்புனித விழாவில், கண்டேன். அவருடைய கடைசி நாளைப் பற்றித் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"கடைசியா மலையிலையிருந்து எனக்குப் போன் எடுத்தவர். முகில் மூடிப்போட்டுது எண்டார். ஆரோ ஒரு பொம்பிளைப் பிள்ளை அண்ணா, அண்ணா எண்டு கத்துது, பாத்திட்டுத் திரும்ப எடுக்கிறன் எண்டு போனை வைச்சவர்."

"ஆர் அந்தப் பிள்ளை?"

"பொலிஸ் எல்லா இடமும் விசாரிச்சது. அண்டைக்கு அந்த மலையிலை வேறை ஒருத்தரும் ஏறேல்லை."