மேலே அரை, கீழே அரை

நஸ்ருன்னிசாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. முப்பது வருஷம் ஜாக்கெட் தைத்த கால், மிஷின் இல்லாவிட்டாலும் மிதித்துக்கொண்டேதான் இருக்கும். அவள் ஏறிய பஸ் ராயப்பேட்டையிலிருந்து தி. நகருக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்று அவள் தெருவில் சத்தியம் செய்வார்கள்.

அந்த வாரம் அந்தக் கால் இரண்டு மடங்கு ஆடியது. காரணம் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் தி. நகரில் ஜாக்கெட் துணிக்கடை வைத்திருப்பவள். லைனிங் வாங்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட சிநேகம், இருபத்திரண்டு வருஷமாகப் பிரியவில்லை. ஆள் நாலரை அடிக்கு ஒரு விரல் கூட. மகன் சுரேஷ்குமார் கடையை இடித்துப் புதுசாக்கி, கல்லாவுக்கு உயரமான மேசையும் அதற்கேற்ற நாற்காலியும் இறக்கியிருந்தான். ஏறி உட்கார்ந்தால் தங்கபுஷ்பத்தின் கால் அந்தரத்தில் தொங்கியது. ஒரு மணி நேரத்தில் கணுக்கால் இட்லி மாதிரி உப்பியது. கீழே பிளாஸ்டிக் முக்காலி வைத்துப் பார்த்தார்கள். புதுத் தரையில் அது வழுக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தது. மகன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான்: வெள்ளிக்கிழமை கடை திறப்பு, அன்று முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும். சாயங்காலம் கால் வீங்கியிருந்தால் அம்மா திருவான்மியூர் வீட்டோடு இருக்கட்டும், கல்லாவை மருமகள் மதுமதி பார்த்துக்கொள்வாள்.

கடையில் தங்கபுஷ்பம் இல்லை என்றால் தி. நகரில் தனக்கு என்ன வேலை? நஸ்ருன்னிசா அன்றே ஊக்கு டப்பாவைத் தவறவிட்ட மாதிரி மேசைக்கடியில் தவழ்ந்து போனாள். சிமெண்டுத் தூசி, எல்லார் காலிலும் செருப்பு. தங்கபுஷ்பத்தின் செருப்படியிலிருந்து தரைவரை டேப் வைத்தாள். ஏழு இஞ்ச்.

சித்தி மகன் இனாயத்துக்கு ராயப்பேட்டையிலேயே தச்சுப் பட்டறை. கால் வைக்கிற பலகையைப் பத்து நிமிஷத்தில் தானே முடித்துத் தருவதாக அவன் சொன்னான். அவள் விடவில்லை.

"அவ அளவு எனக்குத்தான் தெரியும். நீ ரம்பத்தைக் குடுத்துட்டு அந்தாண்ட போ."

மூன்று நாள். பக்கத்துக்கு ஒரு பலகை, மேலே ஒரு பலகை, அடியில் வழுக்காமலிருக்க ரப்பர். அறுக்கும்போதும் கால் மிதித்தது, இழைக்கும்போதும் மிதித்தது. தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் பலகையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்றானது. வியாழக்கிழமை சாயங்காலம் பாலிஷும் பூசியாயிற்று.

வடபழனியில் சினிமா செட் வேலைக்குக் கருவிகளையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு வந்த இனாயத், விளையாட்டாக டேப் வைத்துப் பார்த்தான். பிறகு அவளுடைய அளவு நோட்டைப் பார்த்தான்.

"நோட்டுல ஏழு போட்டுகீற. இது எட்டு கீதே, ஆபா?"

"தையலுக்கு மேல அரை, கீழ அரை..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"துணின்னா உள்ள மடிச்சுடுவ. மரத்த எங்க மடிப்ப?"

வண்டி கிளம்பிவிட்டது. சனிக்கிழமைவரை ரம்பம் கிடையாது. அன்று நஸ்ருன்னிசா படுத்த கட்டில் விடிவதற்குள் சுவரோரத்திலிருந்து கதவுவரை நடந்திருந்தது.

காலையில் பழைய புடவையில் சுற்றி எடுத்துப் போனாள். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே ஹோமப் புகை. தங்கபுஷ்பம் நாற்காலியில் ஏறினாள். நஸ்ருன்னிசா கண்ணை மூடிக்கொண்டு பலகையை மேசைக்கடியில் தள்ளினாள்.

"ஏட்டி, எனக்கா செஞ்ச?" தங்கபுஷ்பத்தின் குரல் ஒரு மாதிரி இறங்கியது. "அளவெடுத்த மாதிரில்லா இருக்கு."

நஸ்ருன்னிசா குனிந்து பார்த்தாள். குதிகால் முதல் விரல்வரை பாதம் பலகையில் அழுந்தப் பதிந்திருந்தது. சந்தோஷப்படுவதற்குப் பதில் கழுத்து டேப்பைப் பிடித்துக்கொண்டாள். பலகை வளர்ந்தது தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக இவள் குட்டையாகிவிட்டாளா? அன்று முழுக்க அவள் கடையை விட்டு நகரவில்லை. கேசரியை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். அரை மணிக்கொரு தரம் ஏதாவது கீழே விழுந்தது, எடுக்கிற சாக்கில் தோழியின் கணுக்காலைப் பார்த்தாள்.

ஏழு மணிக்குச் சுரேஷ்குமார் வந்து அம்மாவின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினான். குழி விழவில்லை. கல்லாச் சாவியை அம்மாவின் கையில் வைத்துவிட்டு விளக்கணைக்கப் போனான். மதுமதிதான் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு அந்த நாற்காலி ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

வாசலில் தங்கபுஷ்பம் செருப்பை மாட்டினாள். குதிகால் வலிக்கு டாக்டர் கொடுத்த தடிச் செருப்பு. அடிப்பாகம் மட்டும் ஒரு இஞ்ச்.

நஸ்ருன்னிசா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை உருவிச் சுருட்டிப் பையில் போட்டாள்.

"என்னட்டி அப்படிப் பாக்க?"

"ஒண்ணுமில்ல. உள்ள ஒரு இஞ்ச் விட்டுகீறேன். கடைக்குள்ள செருப்பு போட்றதுன்னா முன்னாடியே சொல்லு, குறைச்சுக் குடுக்குறேன்."

"புதுத் தரையில செருப்பு போட எம்மவன் விடுவானாக்கும்?"

பஸ் வந்தது. நஸ்ருன்னிசா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மிதிக்க ஆரம்பித்தாள்.