மேங்கோ யார் வீட்டுச் சொல்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நான் சொன்ன விளக்கத்தை, பட்டம் வாங்கிய ஆங்கில வாத்தியாரே அகராதியைப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த மதுரைப் பக்கத்தில் வேறு எந்தப் பழ வியாபாரிக்கும் அந்தப் பெருமை கிடையாது. இருந்தால் வந்து சொல்லட்டும்.

எழுபதுகளின் கடைசி. சிம்மக்கல்லில் எனக்குச் சொந்தமாக மாம்பழ மண்டி. கூடை தூக்க வந்தவன், முப்பது வயதுக்குள் கடை போட்டுவிட்டேன். திருப்பரங்குன்றத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். தாய்மாமன் துணைக்கு வந்தார். பெண் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். காப்பி கொண்டுவந்தவளை ஒரு தடவைதான் பார்த்தேன். கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பெண்ணின் அப்பாவுக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஆனால் அந்த வீட்டில் எதுவும் அவர் தம்பியைக் கேட்டுத்தான் நடக்கும். அந்தத் தம்பிதான் நான் சொன்ன வாத்தியார். படிக்காதவனுக்குப் பெண் கொடுக்க அவருக்குச் சம்மதம் இல்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"தம்பிக்கு இங்கிலீஷ் ஏதாச்சும் வருமா?" என்றார்.

"மேங்கோ வரும்" என்றேன்.

மாமா என் காலை மிதித்தார். வாத்தியார் விடவில்லை. "எங்க, ஸ்பெல்லிங் சொல்லுங்க பாப்போம்."

ஐந்து எழுத்தையும் மூச்சுவிடாமல் சொன்னேன். ரயில் பார்சலில் போகிற ஒவ்வொரு கூடையிலும் நானே மை தொட்டு எழுதுகிற எழுத்து. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா நான்?

"அது இங்கிலீஷே இல்ல சார். நம்ம மாங்காயத்தான் அவன் மேங்கோங்கிறான்."

வாத்தியார் சிரித்துவிட்டார். "மாங்காய்னா காய். மேங்கோன்னா பழம். பழத்துக்குப் போயி எவனாச்சும் காய்னு பேரு வைப்பானா?"

"வைப்பான் சார். வாடிப்பட்டித் தோப்புல மரத்துலயே பழுத்தத நான் வாங்குறதே இல்ல. மறுநாளே கொழகொழன்னு போயிரும். முத்துன காயாப் பறிச்சு, வைக்கோல் போட்டு அடுக்கித்தான் அனுப்புவோம். போய்ச் சேருற ஊர்லதான் பழுக்கும். ரயிலுக்கே இம்புட்டுன்னா கப்பலுக்கு எம்புட்டு? எங்கள மாதிரி ஒருத்தன் 'இந்தா மாங்காய்'னு ஏத்திவிட்டிருப்பான். கப்பல்காரன் நடுக்கடல்ல பழுத்தப்பறம் தின்னுட்டு, கேட்ட பேரையே சொல்லிக்கிட்டுத் திரியுறான்."

பெண்ணின் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வாத்தியாருக்கு முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ச் செங்கல் கனத்தில் ஓர் அகராதியோடு வந்தார். "இதுல அப்படி இல்லேன்னா, தப்பா நெனைக்காதீங்க தம்பி, பேச்ச இத்தோட நிறுத்திக்கிருவோம்" என்றார். அண்ணன்காரரும் சரி என்றார்.

அவர் பக்கம் புரட்டிக்கொண்டே போனார். நான் சொன்னது யாரும் சொல்லித் தந்ததில்லை. கூடை அடுக்கும்போது தானாகத் தோன்றியது.

"போர்ச்சுகீஸ்காரன் வார்த்தைன்னு போட்டிருக்கு" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். மாமா எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன்.

அப்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "அந்த போர்ச்சுகீஸ்காரன் யாருகிட்ட இருந்து எடுத்தான்னு போட்டிருக்கா சித்தப்பா?"

வாத்தியார் மறுபடி பிரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தமிழ்ல மாங்காய்னு போட்டிருக்கு" என்றார். நல்ல மனுஷன், மறைக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் திருப்பி விரல் வைத்தும் காட்டினார். எனக்கு எங்கே படிக்க வரும்? படித்த மாதிரி தலையாட்டினேன்.

"அண்ணே, பூ வைக்க நாள் பாருங்க" என்றார் அவர்.

கல்யாணமான பிறகு அவளிடம் கேட்டேன். "மேற்கொண்டு எழுதியிருக்குன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? எந்திரிச்சுப் போயிருவீகளோன்னு பயந்து கேட்டேன்" என்றாள்.