நாலு வரி இங்கிலீஷும் ஒரு 'வாங்க'வும்

ஏனுங்க, பெரிய துணிக்கடை வாசல்ல கோட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தன் 'குட் மார்னிங் சார்'ன்னு சொன்னா, அடிக்காத போனை எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டு உள்ள ஓடறவங்கதானுங்களே நீங்கெல்லாம்? தெரியுமுங்க. அந்த ஒருத்தன் நான்தான். உங்க போன் அடிக்கலைங்கறது எனக்குந் தெரியும். எனக்குத் தெரியுங்கறது உங்களுக்குந் தெரியும். இந்தத் தொழில்ல மொதல்ல கத்துக்கறதே இதுதானுங்க. முந்நூறு பேத்துக்கு வணக்கஞ் சொன்னா மூணு பேரு நின்னு மூஞ்சியப் பாப்பாங்க, அதுல ரெண்டு பேரு பாத்ரூம் எக்கட்டால இருக்குதுன்னு கேக்கறதுக்கு நின்னவங்க.

நான் கணபதி ஏரியாக்காரனுங்க. இஞ்சினியரிங் மூணாவது வருசத்துல காலேஜுக்கும் எனக்கும் ஒத்து வரலைன்னு ரெண்டு பேருமாப் பேசிப் பிரிஞ்சுக்கிட்டோம். காலேஜ் கொஞ்சஞ் சந்தோசமாவே பிரிஞ்சுது. எங்கப்பா இதைச் சொந்தக்காரங்க யாருகிட்டயும் மூச்சு விடலை. 'பையன் படிப்பு முடிச்சு இஞ்சினியரா இருக்கறானுங்க, பெரிய கம்பெனி'ன்னு கண்ட எடத்துலெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறாரு. நானோ நூறடி ரோட்டுல பட்டுச்சீலை விக்கற கம்பெனியில கண்ணாடிக் கதவுக்கு இக்கட்டால நிக்கறேன். மூணு மாசம் ட்ரையல், தேறுனா வேலை, தேறலைன்னா ஊட்டுக்கு. அதனால தெனமுங் காத்தால எனக்கு ரெண்டே வேண்டுதலுங்க. வேலை நிலைக்கோணும். தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணும் அந்தக் கதவுக்குள்ள வரக்கூடாது.

தலகாணி மாதிரி ஒரு ட்ரெய்னிங்

வாசல்ல நிக்கறவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க பெங்களூர்லேர்ந்து ஒரு மேடம் வந்தாங்க. ரெண்டு நாளு ட்ரெய்னிங், ஏசி ரூமு, தூக்கம்னா அப்படியொரு தூக்கம். கடைசியில ஆளுக்கொரு கார்டு குடுத்தாங்க. நாலே வரி. குட் மார்னிங். வெல்கம். ஹவ் ஆர் யூ டுடே? போறப்ப தேங்க் யூ, விசிட் அகெய்ன். வாசல்ல தமிழ் பேசப்படாது. கஸ்டமரு 'ஐயாம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ'ன்னு திருப்பிக் கேட்டா, நாங்க 'ஐயாம் ஃபைன் டூ'ன்னு பல்லுத் தெரியச் சிரிக்கோணும். அதுக்கே ஒரு மணி நேரம் ஜோடி ஜோடியா நின்னு பழகுனோம்.

எனக்கு ஜோடி ரஃபி. உக்கடத்துப் பையன், எங்க கடையில ஆல்ட்ரேசன் டெய்லரு. அவன் எதுக்கு இந்த ட்ரெய்னிங்குக்கு வந்தான்னு அவனுக்கே தெரியாது. அன்னைக்கு ஏசி அவன் ரூமுல வேலை செய்யலை, அவ்வளவுதான். நாப்பது தடவை என்னைய 'அண்ட் யூ' கேட்டுப்போட்டு, கடுப்பாகிச் சொன்னான்: "எங்க ஊட்ல சலாம் சொன்னா பதில் சொல்லாம ஒருத்தன் நகர மாட்டான் மாப்ள. இங்க உன்னைய எவனும் அண்ட் யூன்னு கேக்கப்போறதில்ல, அந்தப் பதிலைப் படிச்சது சுத்த வேஸ்ட்டு."

கேட்டா சொல்லோணுமில்ல

மொத வாரம். காங்கேயம் பக்கத்துப் பெரியவரு ஒருத்தரு, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில கண்ணாடிக்கூடு. 'ஹவ் ஆர் யூ டுடே சார்?'ன்னேன். பொதுவா இதுக்குள்ள ஆளு மூணாவது மாடிக்குப் போயிருக்கோணும். இவரு வாசப்படியிலயே நின்னுபோட்டாரு. "அதையேங் கண்ணு கேக்கறே"ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க. போர்வெல் எறநூறு அடி எறங்கிப்போன கதை, தென்னையில வெள்ளை ஈ வந்த கதை, மாப்பிள்ளை சொல்பேச்சுக் கேக்காத கதை. தானாத் தொறக்கற கண்ணாடிக் கதவு அவரு தோளுல வந்து வந்து முட்டுது. அவருக்குப் பின்னால பத்துப் பன்னெண்டு பேரு. எங் கார்டுல இதுக்கெல்லாம் வரி கெடையாதுங்க.

முடிச்சுப்போட்டு, "சரி, நீ எப்படியிருக்கறே? அதைச் சொல்லு"ன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. 'ஃபைன் சார்'ன்னேன். இன்னும் நிக்கறாரு. 'வெரி ஃபைன் சார்'ன்னேன். என்னைய மேலயுங் கீழயும் ஒருக்காப் பார்த்தாரு. "நாங் கால் மணி நேரஞ் சொன்னேன், நீ ஒத்த வார்த்தையில முடிச்சுப்போட்டியே. ஊட்ல ஏதோ மறைக்கறே கண்ணு நீயி."

டீ குடிக்கப் போன மனுசன்

உள்ள வர்றவங்க எத்தனை தடவை வந்தாலும் அத்தனை தடவையும் சொல்லோணும், அது ரூலு. ஒரு புருசன் பொஞ்சாதி வந்தாங்க, ஒரே ஒரு சீலை எடுக்க. காத்தால பத்தரைக்குக் குட் மார்னிங் சொன்னேன். பதினொண்ணேகாலுக்கு அவரு மட்டும் டீ குடிச்சுப்போட்டுத் திரும்பி வந்தாரு, குட் மார்னிங். பன்னெண்டு மணிக்கு மறுக்காவுந் தனியா வந்தாரு, குட் ஆஃப்டர்நூன். ரெண்டு மணிக்குச் சாப்பிட்டுப்போட்டு வந்தாரு, குட் ஆஃப்டர்நூன். மூணரைக்கு என்னையப் பார்த்ததும் மனுசன் மூஞ்சிய அக்கட்டாலத் திருப்பிக்கிட்டாரு. நானும் விடலை.

அஞ்சு மணிக்கு அவரு படியேறுனாரு. 'குட் ஈவினிங் சார், ஹவ் ஆர் யூ?'ன்னேன். கோவிச்சுக்குவாருன்னு பார்த்தா, எம் பக்கத்துல சேரை இழுத்துப் போட்டு உக்காந்துபோட்டாரு. "நான் எப்படியிருக்கறேங்கறது இருக்கட்டுந் தம்பி. நீ குட் நைட் சொல்றதுக்குள்ள எங்க ஊட்டம்மா எடுத்துப்போடுவாளா, அதை ஒருக்காக் கேட்டுச் சொல்லு."

விசிட் அகெய்ன்

இது கொஞ்சம் ஏடாகூடமான கதைங்க, சிரிக்கறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. ஒரு நாளு ரெண்டு பேரு வேக வேகமா உள்ள போனாங்க. அஞ்சே நிமிசத்துல ஒரு சின்னப் பொட்டலத்தோட வெளிய வந்தாங்க. எங்க கடையில அஞ்சு நிமிசத்துல யாரும் துணி எடுத்ததா சரித்திரமே இல்லை. அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணும். எழவு ஊட்டுக்குக் கோடித்துணி எடுக்க வந்தவங்க. அந்தத் துணி எடுத்துப்போட்டுப் போறவங்க 'போயிட்டு வாரேன்'னு கூடச் சொல்ல மாட்டாங்க, திரும்பிப் பாக்காமப் போயிருவாங்க. நம்ம பக்கத்துல பச்சைக் கொழந்தைக்கும் இது தெரியும்.

எனக்குந் தெரியுமுங்க. ஆனா கார்டுக்குத் தெரியாது. வாய் தானாத் தொறந்துருச்சு. 'தேங்க் யூ சார், விசிட் அகெய்ன்!' அதுவும் அந்த மேடம் சொல்லிக் குடுத்த அதே சிரிப்போட. அதுல வயசான ஒருத்தரு நேராப் போயிட்டாரு. கூட வந்தவரு மட்டும் நின்னு, பொட்டலத்தைக் கக்கத்துல மாத்திக்கிட்டு, பொறுமையாச் சொன்னாரு: "மறுபடி வரச் சொல்றே, சரி. அடுத்தது யாருக்குன்னும் நீயே சொல்லிப்போட்டா, இப்பவே ஒட்டுக்கா எடுத்துப்போட்டுப் போயிருவோம்."

பதினேழு பேரு

பெருந்துறையிலேர்ந்து ஒரு வேன் வந்துச்சு. முகூர்த்தச் சீலை எடுக்க, பதினேழு பேரு. எங்க மேனேஜரு எம் பக்கத்துலயே நிக்கறாரு. கதவு நெறைய ஆளு. நான் கையக் கூப்பி, தலைய இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசிக்கு ஃபேன் மாதிரி சுத்தி, 'குட் மார்னிங் ஆல், வெல்கம்!'னு ஒரே மூச்சுல முடிச்சுப்போட்டேன். பதினாறு பேரு உள்ள போயிட்டாங்க. கடைசியா வந்த ஒரு அம்மிணி மட்டும் படியிலயே நின்னுபோட்டாங்க.

"எல்லாத்துக்கும் மொத்தமாத் தண்ணி தெளிச்சாப்ல சொல்லிப்போட்டியே, என்னைய வாங்கன்னு நீ கேக்கலையே? வாசல்ல வாங்கன்னு கேக்காத எங்க கொழுந்தனார் ஊட்டுக்கே நான் பதினோரு வருசமாப் போறதில்ல. உங்க கடைக்கு வருவனா?" அவ்வளவுதானுங்க. உள்ள போன பதினாறு பேரும் திரும்பி வந்து வெளிய நின்னுபோட்டாங்க. ஒரு வேன் முகூர்த்தச் சீலை அப்படியே எதுத்த கடையப் பார்க்குது. மேனேஜரு என்னையப் பார்த்துத் தலையாட்டுனாரு. நான் கார்டை மறந்து, ஒவ்வொரு மூஞ்சியாப் பார்த்து ஆரம்பிச்சேன். வாங்க பெரிம்மா. வாங்க மாமா. வாங்கண்ணா. வாங்கக்கா. இடுப்புல இருந்த கைக்கொழந்தைக்கும் ஒரு வாங்க. அந்த அம்மிணிக்கு ரெண்டு.

எல்லாரும் உள்ள போனதும் மேனேஜரு எம் பாக்கெட்டுலேர்ந்து கார்டை உருவி, பேனாவுல அஞ்சாவது வரி எழுதுனாரு. 'வாங்க. ஒவ்வொருத்தருக்கும், மூஞ்சியப் பார்த்து.' அன்னையிலேர்ந்து அதுதான் எங்க வாசலுக்குச் சட்டம். எழுதிக் குடுத்துட்டு அவரு நிமிர்றாரு, வண்டிய நிறுத்திப்போட்டு வந்த டிரைவரு வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. "ஏனுங் தம்பி, ஓட்டிட்டு வந்தவனெல்லாம் ஆளாத் தெரியலீங்களா?"

அண்ட் யூ?

மூணு மாசத்துக்குக் கடைசி நாளு. மேனேஜரு கையில பேடு வெச்சுக்கிட்டு எம் பக்கத்துல நிக்கறாரு. அஞ்சு வரிக்கு அஞ்சு மார்க்கு. அப்பத்தான் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அக்கட்டால எங்கத்தை ஆட்டோவுலேர்ந்து எறங்கறாங்க. எங்கப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி. கொடுமுடியில இருக்கறாங்க, அங்க ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல ஆயா வேலை. எனக்கு இஞ்சினியரிங் சீட்டு கெடைச்சப்ப அவங்க தெருவுல ஊடு ஊடாப் போயி முட்டாய் குடுத்தவங்க. என்னைய அவங்க பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லீங்க, 'சாமி'தான். கூட அவங்க புள்ளை, கல்யாணப் பொண்ணு.

ஓடி ஒளியலாம்னா எங்க ஒளியறது, கதவே நான்தான். கோட்டை இழுத்து விட்டுக்கிட்டு, அத்தை தலைக்கு மேல இருந்த கடிகாரத்தைப் பார்த்து, இந்த மூணு மாசத்துல சொன்னதுலயே சுத்தமா ஒரு இங்கிலீஷ் சொன்னேன். 'குட் மார்னிங் மேடம். வெல்கம். ஹவ் ஆர் யூ டுடே?' அந்தப் புள்ளை "அம்மா, இது நம்ம..."ன்னு வாயெடுத்தா. அத்தை அவ கையப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்குனாங்க. என்னைய நல்லாப் பார்த்தாங்க. கடிகாரத்துல முள்ளு நகர்றது எனக்குத் தெரியுது. அப்பறஞ் சொன்னாங்க, ஸ்கூல்ல தெனமுங் கேட்டுப் பழகுன இங்கிலீஷுல, ஒரு எழுத்துப் பெசகாம: 'ஐயாம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?'

'அண்ட் யூ'ன்னு கேட்டது மூணு மாசத்துல இவங்கதான் மொத ஆளுங்க. ரஃபிகிட்ட நாப்பது தடவை பழகுன பதிலை விட்டுப்போட்டு, கையால உள்ள வழி காட்டுனேன். அத்தை புள்ளையக் கூட்டிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. மேனேஜரு பேடுல டிக் அடிச்சாரு, "வெளிய போறவங்களுக்குச் சொன்னதையுஞ் சேத்து நாலு வரியும் பிரமாதம்டா. ஒரு கஸ்டமரு அண்ட் யூ கேட்டு இன்னைக்குத்தான் நானே பாக்கறேன். அஞ்சாவது எங்கடா?" 'மறந்துபோச்சுங்க சார்'ன்னேன். "சரி போ, நாலே போதும். நாளையிலேர்ந்து நீ பர்மனென்ட்டு"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

ரெண்டு மணி நேரங் கழிச்சு அத்தை பையோட வெளிய வந்தாங்க. வாசல்ல அப்ப வேற யாருமே இல்லை. நான் அப்பவும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். வாய் மட்டுந் தானாப் பேசுச்சு, 'தேங்க் யூ மேடம், விசிட் அகெய்ன்.' பொறந்ததுலேர்ந்து என்னைய ஒருக்காக்கூட 'ங்க' போட்டுப் பேசாத அத்தை நின்னு, வழிப்போக்கர் கிட்டச் சொல்றாப்ல அத்தனை மருவாதியாச் சொன்னாங்க: "ஏனுங் தம்பி, எங்கண்ணம் பையன் ஒருத்தன் இந்த ஊர்லதான் இஞ்சினியரா இருக்கறானுங்க. எங்காச்சும் பார்த்தீங்கன்னா, வர்ற தை மாசங் கல்யாணம், அத்தை வாங்கன்னு கேட்டாங்கன்னு சொல்லிப்போடுங்க."

ஒண்ணே ஒண்ணு ஒத்துக்கறேனுங்க, அஞ்சாவது வரி மறந்துபோச்சுன்னு மேனேஜருகிட்டச் சொன்னது பச்சைப் பொய்யி, வாய் வரைக்கும் வந்த 'வாங்க அத்தை'யை நாந்தான் வேணும்னே முழுங்கிப்போட்டேன்.