ஒற்றை வெட்டு விழுந்த தக்கை

என் மேசைமேல் ஒரு பாட்டில் தக்கை கிடக்கிறது. அதன் விளிம்பில் பேனாக்கத்தியால் இட்ட ஒரே ஒரு வெட்டு. அது மூடியிருந்த பாட்டிலின் ஒயின் மீனுக்கு ஏற்றது என்று அதற்கு அர்த்தம். இரண்டு வெட்டு இருந்தால் கறிக்கு. குறுக்கே ஒரு கீறலும் சேர்ந்தால் காரத்தைத் தாங்கும் என்று பொருள். இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் தூத்துக்குடியில் இரண்டே பேர். ஒருவர் அதை உண்டாக்கிய, எங்கள் கம்பெனித் துரையின் பட்லர். இன்னொருவன் கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் நான். அவருடைய வேலை என்னால்தான் போனது. அது நினைவுக்கு வரும்போதெல்லாம் இந்தத் தக்கையைச் சுவரில் எறியத் தோன்றும். எறிந்தும் இருக்கிறேன், பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டும் வந்திருக்கிறேன்.

அப்போது உலகச் சண்டைக் காலம். பிரெஞ்சுச் சரக்கு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. கிடைத்ததும் ஆனை விலை. எங்கள் துரைக்கோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பங்களாவில் விருந்து இல்லாமல் முடியாது. செலவும் ஆகக்கூடாது, பேரும் கெடக்கூடாது. பட்லர்தான் கரையிறங்கும் கப்பல் சமையற்காரர்களைப் பிடித்து, கோவாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த, யாரும் பேர் கேட்டிராத மலிவுப் பாட்டில்களை வாங்கி வருவார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. அதனால் லேபிளைப் பார்த்து மயங்கவும் மாட்டார். கடலோரத்து வேதக்காரர், குடியால் செத்த தகப்பனைப் புதைத்த அன்றே இனி ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டவர்.

குடிக்காத மனிதருக்கு ஒயின் எப்படித் தெரிந்தது? கையெழுத்துக்குக் காகிதங்களோடு போய்க் காத்திருந்த நாட்களில் நான் பார்த்தேன். விருந்தாளிகள் எழுந்து போனதும் மேசையில் எதையும் எடுக்க விடமாட்டார். ஒவ்வொரு தட்டையும் பக்கத்துக் கிளாஸையும் சேர்த்துக் குனிந்து பார்ப்பார். மிளகு போட்ட ஆட்டுக்கறித் தட்டு வழித்த மாதிரி இருக்கும். அருகே விலையுயர்ந்த சிவப்பு ஒயின் பாதிக் கிளாஸ் அப்படியே நிற்கும். அடுத்த வாரம் அதே கறிக்குச் சற்றே இனித்த கோவாச் சரக்கை ஊற்றுவார். கிளாஸ் காலி. உடனே அந்தத் தக்கையில் இரண்டு வெட்டு, ஒரு கீறல். “மிளகாய்க்கு முன்னால விலை நிக்காது தம்பி. வாய் துரைக்குப் பயந்து புகழும். எச்சில் கிளாஸ் யாருக்குப் பயப்படும்?” என்பார். சீலாமீன் வறுவலுக்குப் புளிப்பேறிய வெள்ளை, நண்டுக்கு அதைவிட மெல்லியது என்று ஒரு பிஸ்கட் டின் நிறையத் தக்கைகளாக அவருடைய ஞானம் கிடந்தது.

எங்கள் ஊர் வெள்ளைக்காரர் கிளப்பில் தலைமைப் பட்லர் வேலை காலியானது. வீட்டோடு சேர்ந்த வேலை, எங்கள் துரை சிபாரிசு செய்தால் கிடைக்கும். பட்லரின் பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும் ஒழுகும் குடிசையில் இருந்தார்கள். மனு எழுதித் தருகிறேன் என்று நானே முன்வந்தேன். நான் பனையேறியின் மகன், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் ஏறிய முதல் ஆள். இங்கிலீஷ் எழுதக் கிடைத்தால் விடுவேனா? தக்கைகளைப் பார்த்தும் அவரிடம் கேட்டும் எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு என்று நான்கு பக்கம் எழுதினேன். அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை மட்டும் எழுதவில்லை. எச்சில் தட்டைப் பார்த்தார் என்று துரைக்கு எழுதுவது கேவலம் என்று பட்டது. படித்தவன் கௌரவம்!

துரை நான்கு பக்கத்தையும் படித்தார். சாட்சிக்கு என்று நான் கொண்டுபோன டின்னைத் திறந்து கொட்டினார். “குடிக்காமல் இது எப்படித் தெரியும்? இத்தனை பாட்டிலைத் திருடிக் குடித்திருக்கிறான்” என்றார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். என் வாயிலிருந்து “எஸ் சார்” என்றுதான் வந்தது. பட்லரை அன்று மத்தியானமே வெளியே அனுப்பினார்கள். கொட்டிய தக்கைகளில் ஒன்றை எடுத்து என் சட்டைப்பையில் போட்ட பட்லர், “ஏலே, எட்டு வருசம் படிச்சியே, எச்சிலுக்கு இங்கிலீசுல வார்த்தையே இல்லையோ?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார். திருடன் என்ற பேருக்குப் பிறகு எந்தப் பங்களாவும் சேர்க்கவில்லை. இப்போது துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமக்கிறார்.

சுதந்திரம் வந்த சில மாதங்களில் துரை ஊருக்குக் கிளம்பினார். பிரிவு விருந்தில் மடிப்புக் கலைந்த நான்கு தாள்களை எடுத்து, இந்தக் கடற்கரையில் தாம் கற்ற பாடம் என்று வாசித்தார். என் கையெழுத்து. கை தட்டினார்கள். மறுநாள் துறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். பட்லர் மூட்டையை இறக்கிவிட்டு, “அதை விடு. என்ன சாப்பாடு, என்ன ஊத்துனான்?” என்றார்.

“மிளகு நண்டு. பிரெஞ்சுச் சிவப்பு, அண்ணே.”

“துரை கிளாஸ்ல மிச்சம் இருந்துச்சா?”

பாதி இருந்தது. சொன்னேன். உப்பு காய்ந்த முகத்தோடு வெகுநேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குப் போதுமாக இருந்திருக்கலாம். எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். தக்கையை எதிரே வைத்துக்கொண்டு, அந்த மனுவில் நான் விட்ட வரியை இப்போது எழுதுகிறேன்: இந்த மனிதர் ஒரு சொட்டும் குடித்ததில்லை, துரைமார் மிச்சம் வைத்த எச்சிலைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்டார்.